அந்நிய யந்திரத்தில் வரைபடம்

கல்லூரி நடக்கும் நாட்களில் காலைவேளையில் நாகர்கோவில் பேருந்து நிலையங்களில் நிற்பவர்கள், கூட்டத்துள் முதலாண்டுப் பொறியியல் மாணாக்கர் யார் யார் என்பதை ஒருவரையும் விசாரிக்காமலே சொல்லிவிடலாம். பைக்குள் அடங்காமல் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மினி டிராஃப்டர் என்னும் உபகரணம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் வந்திறங்கி, கோணத்துக்கும் சுங்கான்கடைக்கும் பிரிந்து செல்லும் அந்தப் பிள்ளைகள் சுமந்து திரிவது, உலோகக் கம்பிகளாலான இரண்டு இணைகரங்களை ஒன்றோடொன்று பிணைத்து முனையில் அளவுகோல்களைப் பொருத்திய மிக எளிய யந்திரமேயாகும். இணைகரத்தை எவ்வளவு சாய்த்தாலும் அதன் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாகவே நிற்கும் என்ற பழைய க்ஷேத்திரகணித உண்மை ஒன்றே அதற்கு அடிப்படை. ஆகையால் பலகையின் எந்த மூலைக்கு நகர்த்தினாலும் அளவுகோல் தன் திசையை மாற்றிக்கொள்வதில்லை. பலகை தேக்கோ, அயனியோ, பிளைவுட்டோ என்று அது கேட்பதும் இல்லை.

இரண்டாமாண்டில் அந்த உபகரணம் வீட்டுப் பரணுக்குப் போய்விட, அதன் ஸ்தானத்தில் மென்பொருள் வந்து அமர்கிறது. சிவில் மாணவனுக்கு ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் புரோ, ஈடேப்ஸ். மெக்கானிக்கல் மாணவனுக்கு சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ். இவையோ பலகை எது என்று கேட்பவை. கேட்பதோடு நில்லாமல், தமக்கு ஒவ்வாத பலகையானால் கால் வைக்கவே மறுப்பவை.

நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் ஒருவரேனும் சென்று உழைக்காத தெருவைக் காண்பது அரிது. விடுமுறைக்கு வரும் மாமா, பொறியியலில் சேர்ந்திருக்கும் மருமகனுக்கு மேக்புக் ஒன்றை வாங்கிவருகிறார். வாங்கியவர் மனத்தில் இருந்தது பிரியமேயன்றிப் பாடத்திட்டம் அன்று. வாங்கிக்கொண்டவனும் அதன் மெல்லிய உடலையும் நாள்முழுதும் தாங்கும் பாட்டரியையும் கண்டு பூரித்திருக்கிறான். ஆய்வகத்துக்கு அதைக் கொண்டுபோன முதல்நாளிலேயே பக்கத்து இருக்கைத் தோழன் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்: “இதுல ரெவிட் ஏறாது மக்கா, அது விண்டோஸுக்கு உள்ளதுல்லா.” அந்தத் தீர்ப்பு முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. “ஏறுமா?” என்ற அந்த ஒரு கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பதும், அம்மூன்றையும் தனித்தனியே பிரித்துக் கேட்கத் தெரிந்தவனுக்கே சரியான விடை கிடைக்கும் என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

அதற்குள் புகுமுன் ஒரு சரித்திர விநோதத்தைச் சொல்லியாகவேண்டும். கட்டட வரைகலைக்கும் ஆப்பிள் யந்திரத்துக்கும் ஆதிப்பகை எதுவும் கிடையாது. இரும்புத்திரை இன்னும் விலகாத ஹங்கேரி நாட்டில், 1982இல் கிராஃபிசாஃப்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய காபோர் போயார் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய ஆர்க்கிகேட், கோடுகளுக்குப் பதிலாகச் சுவர், கூரை, சாளரம் என்ற பொருள்களையே கணினிக்குள் எழுப்பிக்காட்டும் மென்பொருள். அது வளர்ந்ததே ஆப்பிள் யந்திரங்களின்மீதுதான். 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட்டும் ஒரு காலத்தில் மேக்கில் இருந்தது. 1992ஆம் ஆண்டுப் பதிப்போடு அவ்வீட்டைக் காலிசெய்து, 2010இல்தான் திரும்பி வந்தது. 1990களில் மேஜைக்கணினி உலகம் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம் சாய்ந்துவிட, புதிதாகப் பிறந்த மென்பொருள்கள் ஜனங்கள் இருக்கும் இடத்திலேயே கடைவிரித்தன: சாலிட்வொர்க்ஸ் 1995இலும், ரெவிட் 2000இலும் விண்டோஸுக்கென்றே வெளிவந்தன. ரெவிட்டை 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 133 மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொண்டது. குமரிமுனையில் வள்ளுவர் சிலையைத் தினமும் காண்பவர்களுக்கு அந்த எண் மறக்காது. ஆக, இந்தப் பிரிவினைக்குக் காரணம் விஞ்ஞானமன்று, வியாபாரம். ஆனால் வியாபாரம் போட்ட முடிச்சை விஞ்ஞானத்தைக்கொண்டுதான் அவிழ்க்கவேண்டியிருக்கிறது.

இனி மூன்று கேள்விகள். மென்பொருள் எழுதப்பட்டிருக்கும் ஆணைகள் இந்தச் சிப்புக்குப் புரியுமா என்பது முதலாவது. மென்பொருள் நிமிஷத்துக்கு நிமிஷம் இயங்குதளத்திடம் கேட்கும் சேவைகளைச் செய்துகொடுக்க இங்கே ஆள் உண்டா என்பது இரண்டாவது. அது திரையில் எழுப்ப விரும்பும் முப்பரிமாணக் காட்சியைத் தீட்டிக்கொடுக்கும் வரைகலைச் சிப்பு அதன் சங்கேதங்களை ஏற்குமா என்பது மூன்றாவது.

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். எந்த மென்பொருளும் கடைசியில் சிப்புக்குப் போய்ச்சேரும்போது எண்களின் நீண்ட வரிசையாகவே போய்ச்சேருகிறது. இன்ன எண்ணுக்குக் கூட்டு, இன்ன எண்ணுக்கு நினைவகத்திலிருந்து எடு என்று ஒவ்வொரு சிப்புக் குடும்பமும் தனக்கென ஓர் ஆணைத்தொகுதியை வகுத்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் மென்பொருள்களில் பெரும்பாலானவை பேசுவது, இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 என்னும் சிப்பிலிருந்து கிளைத்த எக்ஸ்86 பாஷையை. கூட்டுக்குடும்பத்துப் பழைய வீட்டில் தலைமுறைக்கு ஓர் அறை சேர்வதுபோல் வளர்ந்த பாஷை அது. அதில் ஓர் ஆணை ஒரே பைட்டில் முடிவதும் உண்டு, பதினைந்து பைட் வரை நீள்வதும் உண்டு. இன்றைய மேக்புக்கில் இருக்கும் எம் வரிசைச் சிப்போ ஏ.ஆர்.எம். பாஷையைப் பேசுவது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகார்ன் என்னும் சிறிய கம்பெனியில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் சிருஷ்டித்த அந்தக் குடும்பத்தின் முதற்சிப்பு 1985 ஏப்ரலில் உயிர்பெற்றது. சோதனையின்போது அதற்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பே விட்டுப்போயிருந்தும், பிற கம்பிகளின் வழியே கசிந்த மின்னோட்டத்தைக் கொண்டே அது ஓடிக்கொண்டிருந்தது என்பது அத்துறையில் எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. அச்சிக்கன குணமே பின்னாளில் அதைக் கைப்பேசிகளுக்கு அதிபதியாக்கி, 2020 நவம்பரில் மேக்புக்குக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தது. அதன் 64 பிட் வடிவத்தில் ஒவ்வோர் ஆணையும் நான்கே பைட்; கணக்குகளைக் கையில் வைத்துக்கொள்ளும் பொதுப் பதிவகங்கள் எக்ஸ்86இன் 64 பிட் வடிவத்தில் நெடுங்காலமாகப் பதினாறு, இங்கே முப்பத்தொன்று.

ஒரு பாஷையில் எழுதியதை மற்றொன்றில் இயக்க முடியுமா? முடியும் என்பதற்கு அத்தாட்சி 1936லேயே கிடைத்துவிட்டது. ஆலன் டூரிங் என்ற இளைஞர், கணக்கிடும் யந்திரம் எதுவாயினும் அதன் இலக்கணத்தை எழுதிக்கொடுத்துவிட்டால் அதைப்போலவே நடந்துகாட்டக்கூடிய பொதுயந்திரம் ஒன்று உண்டு என்று நிரூபித்துவிட்டார். ஆகவே தத்துவரீதியில் “ஏறாது” என்ற சொல்லுக்கே இடமில்லை. டூரிங் வாக்களிக்காதது ஒன்றுதான்: எவ்வளவு நேரமாகும் என்பது. ஒரு வீட்டின் சுவரை நகர்த்திவிட்டுத் திரை மாறுவதற்கு ஒரு நிமிஷம் காத்திருக்கவேண்டியிருந்தால், தத்துவம் வென்றும் மாணவன் தோற்றவனாகிறான்.

இந்த நேரத்தைக் குறைக்கும் யுக்திகளை விளக்க நம் ஊர் அனுபவம் ஒன்றே போதும். 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுக்காக்களும் திருவிதாங்கூர் மரபிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தபோது, நிலமும் மனிதர்களும் வந்துவிட்டார்கள். பழைய ஆதாரங்களோ மலையாளத்திலேயே தங்கிவிட்டன. இன்றும் குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போது பெட்டியடியிலிருந்து அவ்வாறான பத்திரம் ஒன்று வெளிப்படுவது உண்டு. அதைப் படித்தறிய மூன்று வழிகள் இருக்கின்றன. இருபாஷையும் அறிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி, வரிவரியாக வாசிக்கவும் உடனுக்குடன் சொல்லவும் வைப்பது ஒன்று. ஒரே வரி நூறு தடவை தேவைப்பட்டால் அவர் நூறு தடவையும் சொல்லவேண்டும். ஆதாரம் முழுவதையும் முன்கூட்டியே தமிழில் எழுதுவித்துக் கோப்பில் வைத்துக்கொள்வது மற்றொன்று. எந்தப் பத்தி வேண்டியிருக்கிறதோ அதைமட்டும் அப்போதைக்கப்போது எழுதுவித்து, எழுதியதை எறிந்துவிடாமல் அடுத்தமுறைக்கு வைத்துக்கொள்வது மூன்றாவது.

கணினியிலும் இம்மூன்றுமே வழக்கில் உள்ளன. முதல்வழி எளிது, ஆனால் மிக மந்தம். ஆப்பிளின் ரொசெட்டா 2 என்னும் மொழிபெயர்ப்பான் இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்து கையாள்கிறது: இன்டெல் மேக்குக்காக எழுதிய மென்பொருளைக் கூடியமட்டும் முன்னதாகவே ஏ.ஆர்.எம். ஆணைகளாக மாற்றி எழுதிவிடுகிறது. ஓடும்போது புதிதாகப் பிறக்கும் ஆணைகளை அப்போதே மாற்றுகிறது. விண்டோஸ் 11இன் ஏ.ஆர்.எம். பதிப்புக்குள்ளும் இத்தகைய மொழிபெயர்ப்பான் ஒன்று இருக்கிறது; 2024இல் அதைச் சீர்திருத்திப் பிரிஸம் என்று பெயரிட்டார்கள். பழைய பத்திரத்தின் ஒரு நிலவரிச் சொல்லுக்குத் தமிழில் மூன்று வரி எழுதவேண்டியிருப்பதுபோல எக்ஸ்86இன் ஓர் ஆணைக்குச் சிலபோது ஏ.ஆர்.எம்.மில் பல ஆணைகள் தேவைப்படும். பெரிய கணக்குகளை ஒருமிக்கச் செய்யும் ஏ.வி.எக்ஸ். என்ற எக்ஸ்86 ஆணைவகையை விண்டோஸின் மொழிபெயர்ப்பான் நெடுநாள் அறியாதிருந்தமையால், அவ்வாணைகளை எதிர்பார்த்த மென்பொருள்கள் துவக்கத்திலேயே நின்றுபோனதும் உண்டு.

சொற்களைவிடச் சிரமமானது வரிசை. இன்றைய சிப்பில் பல கணக்கர்கள், அதாவது கோர்கள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்கின்றன. ஒரு கோர் முதலில் சுவரின் நீளத்தையும், அடுத்தபடியாக “நீளம் தயார்” என்ற குறிப்பையும் எழுதுகிறது என்று கொள்வோம். எக்ஸ்86 குடும்பத்தில் மற்றக் கோர்கள் அவ்விரண்டையும் எழுதப்பட்ட வரிசையிலேயே காணும் என்பது விதி. ஏ.ஆர்.எம். குடும்பத்திலோ, வேகத்தின் பொருட்டு, குறிப்பு முந்திக்கொண்டு தெரிந்துவிடலாம். வேண்டாமென்றால் எழுதுபவர் வெளிப்படையாகத் தடுத்துச் சொல்லவேண்டும். எக்ஸ்86ஐ நம்பி எழுதப்பட்ட மென்பொருளில் அந்தத் தடை இராதாகையால், மொழிபெயர்ப்பான் ஆங்காங்கே தடைகளைத் தானே நட்டுக்கொண்டு போகவேண்டும். ஒவ்வொரு தடையும் ஒரு தாமதம். இதை முன்கூட்டியே உணர்ந்த ஆப்பிள் பொறியாளர்கள், எக்ஸ்86இன் வரிசைவிதியையே சிப்பு கடைப்பிடிக்கும்படி செய்யும் ஒரு விசையைச் சிப்புக்குள்ளேயே வைத்து, ரொசெட்டா வழியே ஓடுவனவற்றுக்கு மட்டும் அதைத் திருப்பிவிடுகிறார்கள். மென்பொருளின் குறையைச் சிலிக்கனில் தீர்த்த இந்த யோசனை, என் அபிப்பிராயத்தில், இவ்விஷயம் முழுவதிலும் மெச்சத்தக்கதாகும்.

ஆணைகள் புரிந்துவிட்டதாலேயே மென்பொருள் ஓடிவிடாது. இரண்டாவது கேள்வி குறுக்கே நிற்கிறது. கோப்பைத் திறப்பதற்கும், சன்னலை வரைவதற்கும், மௌஸ் எங்கே இருக்கிறது என்று அறிவதற்கும் மென்பொருள் இயங்குதளத்தைப் பெயர்சொல்லி அழைத்துச் சேவை கேட்கிறது. விண்டோஸில் இத்தகைய சேவைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மேக்கில் அதே காரியங்களுக்கு வேறு பெயர்கள், வேறு சம்பிரதாயங்கள். விண்டோஸ் இல்லாமலே அச்சேவைகளை அதே பெயரில் புதிதாக எழுதி வைத்துவிட்டால் என்ன என்ற துணிச்சலான எண்ணத்தோடு 1993இல் தொடங்கியது வைன் என்னும் பொதுநல முயற்சி. அலெக்சாந்தர் ஜூலியார் என்பவரின் தலைமையில் அது நடந்துவருகிறது. முழுமை பெற்ற முதற்பதிப்பு என்று சொல்லிக்கொள்ளவே 2008 வரை பொறுக்கவேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் மூலநிரலைப் பார்க்காமல், வெளியே தெரியும் நடத்தையைக் கொண்டே உள்ளே நடப்பதை ஊகித்து எழுதவேண்டிய வேலைக்குப் பதினைந்தாண்டு அதிகமில்லை. அதன் வியாபாரரீதியான வடிவமே கிராஸ்ஓவர். சிறு மென்பொருள்களும் விளையாட்டுகளும் அதில் அழகாக ஓடுகின்றன. ரெவிட் போன்ற பெருந்தேர்களோ, விண்டோஸின் மூலைமுடுக்கெல்லாம் கைநீட்டுபவை ஆதலால், எங்கேனும் ஒரு சேவை விட்டுப்போனாலும் நின்றுவிடுகின்றன. மேலும் எம் வரிசை மேக்கில் வைன் ரொசெட்டாவின் தோளிலேறித்தான் நடக்கிறது. ரொசெட்டாவின் பொதுப்பயன் மேக் இயங்குதளத்தின் 27ஆம் பதிப்புவரையில்தான் என்று ஆப்பிள் 2025இல் அறிவித்திருப்பதால், நான்காண்டுப் படிப்பை இவ்வழியில் நம்பித் தொடங்குவது விவேகமாகாது.

சேவைகளைப் போலிசெய்வதைவிட விண்டோஸையே கொண்டுவந்து குடியேற்றிவிடுவது நேர்வழி. 2006 ஜனவரி முதல் மேக் யந்திரங்களில் இன்டெல் சிப்பு இருந்த காலத்தில், பூட் கேம்ப் என்ற வசதியைக் கொண்டு டிஸ்க்கின் ஒரு பாகத்தில் விண்டோஸை நிறுவி, காலையில் மேக்காகவும் மாலையில் விண்டோஸாகவும் ஒரே பெட்டியைத் திறக்க முடிந்தது. அந்த மாணவர் தலைமுறைக்கு இந்த அத்தியாயமே தேவைப்பட்டிராது. எம் வரிசையோடு அவ்வசதி அஸ்தமித்துவிட்டது. பழைய இன்டெல் மேக்புக் ஒன்று அண்ணனிடமிருந்து கைமாறி வந்திருந்தால் அதில் அது இன்றும் உண்டு. புதியதில் எஞ்சியிருப்பது மெய்நிகர் யந்திரம்.

மெய்நிகர் யந்திரம் என்பது, இருக்கிற கணினிக்குள்ளேயே, மென்பொருளால் ஆன இன்னொரு கணினியைப் பாவனையாக நிறுத்துவது. புதுமைபோலத் தோன்றினும் இது 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்த எண்ணம். ஒரு கட்டடத்தையே அடைத்துக்கொள்ளும் விலையுயர்ந்த ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளவேண்டியிருந்த காலம் அது; சென்னை ஐ.ஐ.டி.யில் 1970களில் மாணவர்கள் துளையிட்ட அட்டைக்கட்டுகளோடு வரிசையில் நின்றதும் ஐ.பி.எம். 370 குடும்பத்தைச் சேர்ந்த அத்தகைய ஒரு யந்திரத்தின் வாசலில்தான். ஒவ்வொருவருக்கும் “இந்தக் கணினி முழுவதும் உனக்கே” என்ற பிரமையை உண்டாக்கிவிட்டால் சச்சரவு ஒழியும் என்று அவர்கள் கண்டார்கள். 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர், எந்தச் சிப்பில் இந்தப் பிரமையைப் பழுதின்றி உண்டாக்கலாம் என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள். அதன் சாரம் இதுவே: விருந்தாளி இயங்குதளத்தின் சாதாரண ஆணைகளைச் சிப்பு நேராகவே செய்துவிடலாம், யந்திரத்தின் நிலையையே மாற்றக்கூடிய ஆணை எதுவாயினும் அது தவறாமல் பிடிபட்டு மேற்பார்வை மென்பொருளின் கைக்கு வரவேண்டும்.

எக்ஸ்86 குடும்பம் இப்பரீட்சையில் தேறவில்லை. அதில் பதினேழு ஆணைகள், அதிகாரமில்லாதவன் சொன்னால் மறுத்துக் கூச்சலிடவேண்டியதற்குப் பதிலாக, வேறொரு விடையையோ மௌனத்தையோ தந்துவிட்டு நகர்ந்துவிட்டன. மேற்பார்வையாளனுக்குச் செய்தியே எட்டாது. அக்குறையை 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் அப்படிப்பட்ட ஆணைகளைத் தேடிப்பிடித்து மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005 முதல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் சிப்பிலேயே அதைத் திருத்தின. மேக்கின் எம் வரிசைச் சிப்பு மேற்பார்வையாளனுக்கென்று ஒரு தனி அதிகார அடுக்கைப் பிறவியிலேயே கொண்டுவந்திருக்கிறது. ஆகவே பேரலல்ஸ் அல்லது வி.எம்.வேர் ஃபியூஷன் என்னும் மேற்பார்வை மென்பொருள் வழியாக அதற்குள் நிறுவப்படும் விண்டோஸ், அதுவும் ஏ.ஆர்.எம். பதிப்பாகவே இருப்பதால், ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுகிறது. பேரலல்ஸில் அதை இயக்குவதற்கு மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் முறையான அங்கீகாரமும் அளித்தது. பேரலல்ஸ் விலைக்கு, மாணவர்க்குச் சலுகையுண்டு. ஃபியூஷன் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம்.

இப்போது நம் மாணவனின் மேக்புக்கில் ரெவிட் எவ்வாறு ஓடுகிறது என்று பார்த்தால் வேடிக்கையாயிருக்கும். மேக்குக்குள் பாவனைக் கணினி, அதற்குள் ஏ.ஆர்.எம். விண்டோஸ், மொழிபெயர்ப்பின்றி; அதற்குள் எக்ஸ்86 பாஷையில் ரெவிட், பிரிஸத்தின் மொழிபெயர்ப்பில். முதற்கேள்விக்குப் பதில் சொன்னது மொழிபெயர்ப்பான். இரண்டாவதற்குச் சொன்னது அசல் விண்டோஸ். எந்த ஒரு யுக்தியும் தனித்து இக்காரியத்தைச் செய்துவிடவில்லை.

மூன்றாவது கேள்வியாகிய காட்சியிலேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். ரெவிட்டில் ஓர் ஓட்டுவீட்டை எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஆட்டோகேட்டில் சுவர் என்பது இரண்டு கோடு. ரெவிட்டில் அது கனமும் பூச்சும் விலையும் கொண்ட ஒரு பொருள். கூரையின் சரிவைச் சற்று உயர்த்தினால் குறுக்குவெட்டுத் தோற்றமும் முகப்பும் ஓட்டின் பரப்பளவும் தாமாகவே மாறிக்கொள்ளும். அவ்வீட்டைத் திரையில் சுழற்றும்போது, அது லட்சக்கணக்கான சிறு முக்கோணங்களாகச் சிதைக்கப்பட்டு ஒவ்வொரு நொடியிலும் பலமுறை தீட்டப்படுகிறது. இந்த வேலைக்கு ரெவிட் கையாளும் சங்கேதம் மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸ். சாலிட்வொர்க்ஸ் கையாள்வது ஓப்பன்ஜி.எல். மேக்கின் வரைகலைச் சிப்பு அறிந்ததோ ஆப்பிளின் மெட்டல். பேரலல்ஸ் நடுவில் ஒரு கற்பனை வரைகலை அட்டையைக் காட்டி, டைரக்ட்எக்ஸ் 11இல் வரும் கட்டளைகளை மெட்டலாக மாற்றிக்கொடுக்கிறது, ஃபியூஷனும் அவ்வாறே. டைரக்ட்எக்ஸ் 12ஐக் கட்டாயமாகக் கேட்கும் மென்பொருளுக்கு அங்கே கதவு திறப்பதில்லை. சாலிட்வொர்க்ஸோ, தான் அத்தாட்சி வழங்கிய அட்டைகளையே மதிப்பது. கற்பனை அட்டையைக் கண்டதும் பளபளப்பான தோற்றங்களை மறைத்துக்கொண்டு எளிய கோலத்தில் நிற்கும். பயிற்சிக்கு அது போதும். ஆனால் ஆட்டோடெஸ்க்கோ சாலிட்வொர்க்ஸோ இந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பேற்பதில்லை என்பதை மனத்தில் கொள்ளவேண்டும்.

இன்னொரு மறைவான கண்ணி உண்டு. மொழிபெயர்ப்பான்கள் சாதாரண மென்பொருளையே பெயர்க்கும். விண்டோஸின் கருவறைக்குள் புகும் டிரைவர்களைப் பெயர்க்கா. யு.எஸ்.பி.யில் செருகும் உரிமப்பூட்டு, பழைய பிளாட்டர் போன்றவற்றுக்கு ஏ.ஆர்.எம். டிரைவர் தயாரிப்பாளரிடமிருந்தே வந்தாலன்றி வழியில்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தின் வில்வளைவை ஸ்டாட் புரோவில் மாதிரியாக அமைத்துப் பார்க்க ஆசைப்படும் மாணவன், பலம் கணக்கிடும் பகுதியைப்பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை. உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதி தன் யந்திரத்தில் நிற்குமா என்பதை முதலில் சோதிப்பதே புத்திசாலித்தனம்.

நினைவகத்தைப்பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம். விருந்தாளிக்குக் கொடுக்கும் நினைவகம் வீட்டுக்காரனுடையதிலிருந்து கழிகிறது. ரெவிட்டின் அண்மைப் பதிப்புகள் 16 ஜி.பி.யைக் குறைந்தபட்சமென்று கேட்கின்றன. 2024 அக்டோபருக்கு முன் விற்ற மேக்புக் ஏர்களில் விலை குறைந்தவை 8 ஜி.பி. கொண்டவை, பின்னால் கூட்டிக்கொள்ளவும் முடியாதவை. அவற்றில் விண்டோஸ் எழுந்திருக்கும், ரெவிட் எழுந்து நடக்காது. 16 ஜி.பி. உள்ளதில் பாதியைக் கொடுத்தால் இரண்டு மாடி வீடு வரையில் சமாளிக்கலாம். அடுக்குமாடியும் மருத்துவமனையும் ஆகா. டிஸ்க்கிலும் விண்டோஸ் 11 தன் பங்குக்கு 64 ஜி.பி.யைக் கேட்கிறது.

ஏர் வகையில் காற்றாடி இல்லை என்பதற்கு நம் கரையோரத்தில் இரண்டு பலன்கள். முட்டத்திலும் குளச்சலிலும் உப்புக்காற்றை உள்ளே இழுத்துச் செம்புத் தடங்களை அரிக்கவைக்கும் துவாரம் அதற்கு இல்லை, அது அனுகூலம். சித்திரை மாதத்து நண்பகலில் ஒரு தத்ரூபக் காட்சியைத் தீட்டச் சொன்னாலோ, சூட்டை வெளியேற்ற வழியின்றிச் சிப்பு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெய்நிகர் யந்திரத்துக்கே உரிய ஒரு சௌகரியத்தையும் சொல்லவேண்டும்: அது முழுவதும் ஒரு கோப்பாகவே இருப்பதால், புதிய மென்பொருளை நிறுவுமுன் அதன் அப்போதைய நிலையைப் பதிந்துவைத்து, கெட்டுப்போனால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். அசல் விண்டோஸ் கணினிக்காரனுக்கு இது எளிதில் வாய்ப்பதன்று.

யுக்தியே வேண்டாத வழிகளும் உண்டு. ஆட்டோகேட் தன் 2024ஆம் பதிப்பு முதல் எம் வரிசைச் சிப்புக்கென்றே எழுதப்பட்டு வருகிறது. மாணவர்க்கு ஓராண்டு வீதம் புதுப்பிக்கத்தக்க இலவச உரிமமும் உண்டு. ஆர்க்கிகேட் தன் பிறந்தவீட்டில் இன்றும் சுகமாயிருக்கிறது. ஃப்ரீகேட் யாருக்கும் இலவசம். சாலிட்வொர்க்ஸை நிறுவிய ஜான் ஹெர்ஷ்டிக் என்பவரே பின்னர் ஆன்ஷேப் என்ற மற்றொன்றைத் தொடங்கி, 2015இல் அதை வெறும் பிரௌசரிலேயே ஓடவிட்டார். விண்டோஸில் செல்வம் தேடியவரே விண்டோஸ் தேவையில்லை என்று காட்டியது ரசமான விஷயம். மும்பையில் உள்ள தரவு மையத்தின் விண்டோஸ் கணினியை வாடகைக்கு எடுத்துத் தொலைவிலிருந்து இயக்கலாமா என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: நாகர்கோவிலிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர், கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும், போய்த் திரும்ப 13 மில்லிநொடி. கைக்கு அது தெரியாது. தெரிவது, நடுவழியில் உள்ள இணைப்புப் பெட்டிகளும், மழைநாளில் அறுந்துபோகும் தெருமுனைக் கேபிளும் சேர்க்கும் தாமதம்தான்.

இன்னும் வாங்காதவன் ரெவிட்டோ சாலிட்வொர்க்ஸோ தன் பாடத்தில் இருக்குமானால் விண்டோஸ் மடிக்கணினியையே வாங்கட்டும்; அதில் தயக்கமே இல்லை. மேக்புக்கைப் பரிசாகப் பெற்றுவிட்டவன் அதை விற்கவேண்டியதில்லை: 16 ஜி.பி. இருந்தால் வீட்டில் மெய்நிகர் யந்திரத்தில் பயிற்சி, இறுதிப் படங்கள் கல்லூரி ஆய்வகத்தில் என்று பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரித்துக்கொள்பவன் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ரெவிட்டில் பழைய ஆண்டின் கோப்பைப் புதிய ஆண்டின் பதிப்பு திறக்கும்; புதியதில் ஒருமுறை சேமித்துவிட்டால் பழையது அதைத் திறக்கவே திறக்காது. ஆய்வகக் கணினிகளோ ஒரு பதிப்பை நிறுவியபின் சில ஆண்டுகள் தொடப்படாமல் இருப்பவை. எனவே விண்டோஸை இறக்குவதற்கும் முன்பாக, ஆய்வக உதவியாளரிடம் போய்த் தெரிந்துகொள்ளவேண்டியது அங்கே இருப்பது எந்த ஆண்டு ரெவிட் என்பதை.